கதை மேல் கோபம்: வாசகர் கேள்வி பதில்

சீரியல், வீடியோ கேம், காமிக்ஸ் ரசிகர்கள் கூடும் காமிக் கான் விழா பற்றிய கேள்விகளை அனுப்பச் சொல்லியிருந்தோம். வந்ததில் நிறைய கோபக் கடிதங்கள். கோபப்பட்டு எழுதியவர்கள் எல்லாருமே ஏதோ ஒரு கதையை உயிராக நேசித்தவர்கள் என்பது படிக்கும்போதே தெரிந்தது, அதனால் ஒன்றையும் ஒதுக்க மனம் வரவில்லை. இடம் இருந்த அளவுக்குப் பதில் சொல்லியிருக்கிறேன். முதல் கேள்வியில் 'தி லாஸ்ட் ஆஃப் அஸ்' கதை முழுக்க உடைபடுகிறது, இன்னும் பார்க்காதவர்கள், ஆடாதவர்கள் அதைத் தாண்டி இரண்டாவதுக்குப் போய்விடுங்கள்.

அக்கா, 'தி லாஸ்ட் ஆஃப் அஸ்' முதல் பாகம் எனக்கு மனப்பாடம். ரெண்டாம் பாகத்துல ஆரம்பத்துலயே ஜோயலை கோல்ஃப் மட்டையால அடிச்சுக் கொன்னதும் கன்ட்ரோலரைக் கீழே வெச்சவன், இன்னிக்கு வரைக்கும் எடுக்கலை. 2025-ல டிவி தொடர்லயும் அதே சீன் வந்து மறுபடி வயிறு எரிஞ்சது. ரசிகர்களை இப்படி அவமானப்படுத்தின கதைக்கு ஏன் இத்தனை விருது?
*கல்லூரி மாணவர், கோவை*

தம்பி, கன்ட்ரோலரைக் கீழே வைத்தது உங்கள் உரிமை. அதற்கு யாரிடமும் காரணம் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் 'அவமானப்படுத்தினார்கள்' என்பதை மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

2013-ல் வந்த முதல் பாகத்தின் கடைசிப் பகுதியை நினைத்துப் பாருங்கள். சால்ட் லேக் சிட்டியில் ஒரு ஆஸ்பத்திரி. உலகத்தையே அழித்த பூஞ்சைத் தொற்று எல்லி என்ற சின்னப் பெண்ணை மட்டும் ஒன்றும் செய்யவில்லை, ஜோயல் அவளை மகளைப் போலப் பாதுகாத்து அங்கே கூட்டி வந்திருக்கிறான். அவள் மூளையில் வளர்ந்திருக்கும் பூஞ்சையை எடுத்தால் மருந்து கிடைக்கலாம், ஆனால் அவள் பிழைக்க மாட்டாள். ஜோயல் எதிரே வருகிறவர்களையெல்லாம் சுட்டுத் தள்ளிக்கொண்டு ஆபரேஷன் தியேட்டருக்குள் போகிறான், அங்கே ஒரு டாக்டர் சின்னக் கத்தியை நீட்டியபடி பயந்துகொண்டே வழிமறிக்கிறார். அவரைக் கொல்லாமல் அந்த அறையைத் தாண்ட முடியாது, எவ்வளவு நேரம் சும்மா நின்றாலும் கேம் நகராது. பட்டனை அழுத்தியது ஜோயல் இல்லை, நீங்களும் நானும்தான். அந்த டாக்டருக்கு ஒரு மகள் இருந்தாள் என்பதிலிருந்துதான் இரண்டாம் பாகமே கிளம்புகிறது. அந்த மகள்தான் ஆபி. நம் கையால் நடந்த ஒரு கொலைக்கு நம்மிடமே கணக்குக் கேட்க வந்தவள். நீங்கள் விட்ட இடத்துக்கு அப்புறம், எல்லியாகப் பல மணி நேரம் அவளைத் துரத்திவிட்டு, ஒரு கட்டத்தில் ஆட்டம் ஆபியையே உங்கள் கையில் கொடுத்துவிடும், சியாட்டிலின் அதே மூன்று நாட்களை அவளாக வாழ வேண்டும். எனக்கு அதில் முதல் ஒரு மணி நேரம் வெறுப்பாகத்தான் இருந்தது. அப்புறம் அவளுடைய நண்பர்கள், அவளுடைய பயம், உயரத்தில் நடக்கும்போது அவளுக்குத் தலை சுற்றுவது எல்லாம் சேர்ந்து, அவளை ஒரு மனுஷியாகப் பார்க்காமல் இருக்க முடியாமல் போனது. குறை இல்லாத கேம் என்று சொல்லவில்லை. நீளம் ரொம்ப அதிகம், சியாட்டிலின் ஒரு நாடக அரங்கில் எல்லியும் ஆபியும் மோதும் சண்டையிலேயே சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்துவிட்ட கதையை சான்டா பார்பரா வரை இழுத்துக்கொண்டு போகிறார்கள் என்பது என் அபிப்பிராயம்.

இதெல்லாம் கதையைப் பற்றிய சண்டை. இந்தச் சண்டையை விடிய விடியப் போடலாம், போடவும் வேண்டும். என் மனசு ஆறாதது வேறு விஷயத்தில். 2020 ஜூன் 19-ல் கேம் வெளியான சில மணி நேரத்துக்குள், விமர்சன மதிப்பெண்களைத் தொகுக்கும் மெட்டாக்ரிடிக் தளத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் பூஜ்ஜியம் போட்டுத் தள்ளினார்கள், முடிக்கவே இருபது மணி நேரத்துக்கு மேல் ஆகிற ஒரு ஆட்டத்துக்கு. ஏப்ரலிலேயே கதை கசிந்திருந்ததால் ஆடாமலே கோபத்தைத் தயார் பண்ணி வைத்திருந்தவர்கள் நிறைய. அதற்கப்புறம்தான் அந்தத் தளம், வெளியாகி 36 மணி நேரம் ஆன பிறகே பயனர்கள் மதிப்பெண் போட முடியும் என்று விதியை மாற்றியது. சரி, மதிப்பெண்ணாவது மதிப்பெண்ணோடு போகட்டும். ஆபிக்குக் குரலும் உடல்மொழியும் கொடுத்த லாரா பெய்லிக்குக் கொலை மிரட்டல்கள் போயின. அவர் அந்த ஜூலையில் சில மிரட்டல்களைப் படம் பிடித்து வெளியிட்டார், குடும்பத்தைக் குறிவைத்தவையும் அதில் இருந்தன. அந்தக் கதையை அவர் எழுதவில்லை, ஜோயலைக் கொல்லலாம் என்று முடிவெடுத்த அறையில் அவர் இல்லை. டிவியில் ஆபியாக நடித்த கேட்லின் டெவருக்கு படப்பிடிப்பின்போதே கூடுதல் பாதுகாப்பு போட வேண்டியிருந்தது என்று உடன் நடித்த இசபெலா மெர்செட் சொல்லியிருக்கிறார். ஒரு காட்சி கூட ஒளிபரப்பாகும் முன்பே! ஒரு கற்பனைப் பெண் மேல் இருக்கும் ஆத்திரம் எப்படி நிஜப் பெண்ணின் வீட்டு வாசல் வரை போகிறது என்பதை என்னால் இன்றும் ஜீரணிக்க முடியவில்லை.

விருது கேட்டீர்கள். அந்த வருடம் கேம் அவார்ட்ஸில் சிறந்த ஆட்டத்துக்கான விருது மட்டுமில்லை, சிறந்த நடிப்புக்கான விருதும் இதற்குத்தான், வாங்கியவர் லாரா பெய்லி. நீங்கள் ஆட மறுத்த அந்த ஆபி பாத்திரத்துக்காக. ஒரு நாள் முழுசாக ஆடிப் பாருங்கள். பிடிக்கவில்லை என்றால் மறுபடி எழுதுங்கள், அந்தக் கடிதத்தை நான் இன்னும் ஆர்வமாகப் படிப்பேன்.

'எதிர்நீச்சல்' குணசேகரனை நான் திட்டாத திட்டு இல்லை, டிவி மேல எதையாவது எறியாத குறைதான். ஆனா மாரிமுத்து போன அன்னிக்கு எனக்கு சோறு இறங்கலை. அவருக்குப் பதிலா இன்னொருத்தர் வந்ததும் பார்க்கறதையே விட்டுட்டேன். பிள்ளைங்க என்னைக் கேலி பண்ணுதுங்க, நாடகத்துக்குப் போய் அழுவாங்களான்னு. நான் பண்றது தப்பா?
*ஓய்வு பெற்ற ஆசிரியை, ஈரோடு*

தப்பே இல்லை அம்மா. நீங்கள் செய்ததைத்தான் மேலே கோவைத் தம்பிக்கு அத்தனை வார்த்தை செலவழித்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். பாத்திரத்தை மனசாரத் திட்டினீர்கள், நடித்தவருக்காக மனசார அழுதீர்கள். ஒரு நடிகருக்கு இதற்கு மேல் என்ன கௌரவம் கிடைக்க முடியும்?

வீட்டுக்கு வந்த படித்த மருமகள்களைக் கூண்டுக்குள் வைக்கிற அந்தக் குணசேகரனை மாரிமுத்து சும்மா கத்துகிற வில்லனாகச் செய்யவில்லை. நம் சித்தப்பா, பெரியப்பா யாரிடமோ பார்த்த தோரணை அதில் இருந்தது, அதனால்தான் அவ்வளவு கோபம் வந்தது. 'ஏய் இந்தாம்மா' என்று அவர் இழுத்தது ஊரெல்லாம் மீமாகி, சீரியலே பார்க்காத பையன்கள் வாயிலும் புகுந்தது. 2023 செப்டம்பர் 8 காலை, அதே தொடருக்கு டப்பிங் பேசிக்கொண்டிருந்த இடத்தில்தான் உடம்பு முடியாமல் போய் இறந்தார். தேனிப் பக்கத்திலிருந்து சினிமா ஆசையில் வந்து, உதவி இயக்குநராக இருந்து, இயக்குநராகி, கடைசியில் ஒரு டிவி சீரியல் வழியாக வீட்டுக்கு வீடு தெரிந்த முகமானவர். அடுத்து அந்த நாற்காலியில் உட்கார்ந்த எழுத்தாளர் வேல ராமமூர்த்தி சாதாரண நடிகர் இல்லை, ஆனால் தினமும் ராத்திரி ஒரு வருஷத்துக்கு மேல் நம் கூடத்தில் பார்த்த முகத்தை மாற்றி இன்னொரு முகத்தை வைப்பது எந்தப் பெரிய நடிகருக்கும் கஷ்டம். நீங்கள் ஏற்றுக்கொள்ளவில்லை என்பது அவருக்குச் செய்த அவமரியாதை ஆகாது.

பிள்ளைகள் கேட்டால் இதையும் சொல்லுங்கள்: 1987-லும் 88-லும் தூர்தர்ஷனில் ராமாயணம் ஓடியபோது ராவணனாக நடித்த அரவிந்த் திரிவேதியை குஜராத்தின் சபர்காண்டா தொகுதி மக்கள் 1991-ல் எம்.பி. ஆக்கி டெல்லிக்கு அனுப்பினார்கள். அதே தேர்தலில் சீதையாக நடித்த தீபிகா சிக்லியாவும் வடோதராவில் ஜெயித்தார். ஞாயிறு காலை டிவிக்கு மாலை போட்டுக் கும்பிட்ட ஜனங்களுக்கே திரையில் இருக்கும் ராவணன் வேறு, அந்த மனிதர் வேறு என்று தெரிந்திருந்தது.

'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' கடைசி சீசனைத் திரும்ப எடுக்கச் சொன்ன மனுவில் நானும் கையெழுத்துப் போட்டேன். ஒன்றும் நடக்கவில்லையே?
*வாசகர், நாகர்கோவில்*

நடக்காது. பதினைந்து லட்சத்துக்கு மேல் கையெழுத்து விழுந்த மனு அது, அதே 2019-ல் சிறந்த நாடகத் தொடருக்கான எம்மி விருதையும் அதே சீசன் வாங்கியது. ஆறு எபிசோடில் அவசர அவசரமாக அரசி டெனேரிஸின் மனமாற்றத்தை முடித்தது பெரிய தவறு என்பதில் நான் உங்கள் பக்கம்தான். ஆனால் அத்தனை கோடி செலவில் ஒரு சீசனை யாரும் மறுபடி எடுக்க மாட்டார்கள். அவர்கள் திருத்தியது நான்காம் எபிசோடில் மேஜை மேல் மறந்து வைத்த காபி கப்பை மட்டும்தான், அதையும் கம்ப்யூட்டரிலேயே அழித்துவிட்டார்கள்.

பிடித்த தொடரை பாதியில் நிறுத்திவிட்டார்கள். நாங்கள் ஒரு குழுவாகச் சேர்ந்து சேனலுக்கு எழுதலாம் என்று இருக்கிறோம். இதெல்லாம் உண்மையிலேயே வேலை செய்யுமா, இல்லை மனசு ஆறுதலுக்கா?
*வாசகிகள் குழு, மதுரை*

வேலை செய்திருக்கிறது. ஆனால் எப்போது, எப்படி என்று பார்த்துவிட்டு இறங்குங்கள்.

பழைய உதாரணம் 'ஸ்டார் ட்ரெக்'. அமெரிக்காவில் என்.பி.சி. சேனலில் 1966-ல் ஆரம்பித்த விண்வெளிக் கதைத் தொடர், இரண்டாவது சீசனோடு நிறுத்தப் போகிறார்கள் என்று பேச்சு அடிபட்டதும் ஜான் ட்ரிம்பிள், பிஜோ ட்ரிம்பிள் என்ற தம்பதி ரசிகர்களைத் திரட்டிக் கடிதம் எழுத வைத்தார்கள். இன்டர்நெட் இல்லாத காலம். யாருக்கு எழுத வேண்டும், எப்படி எழுத வேண்டும், அச்சடித்த ஒரே கடிதத்தை எல்லோரும் அனுப்பாமல் அவரவர் சொந்த வார்த்தையில் எழுத வேண்டும் என்று வழிகாட்டிக் குறிப்பு அனுப்பி நடத்திய வேலை. சேனல் 1968 மார்ச் 1 அன்று, எபிசோடு முடிந்த கையோடு, தொடர் தொடரும் என்று திரையிலேயே அறிவித்தது. அடுத்த சீசனை வெள்ளிக்கிழமை ராத்திரி பத்து மணிக்குத் தள்ளினார்கள், பார்க்க வேண்டிய இளைஞர்கள் எல்லாம் வெளியே சுற்றும் நேரம் அது, 1969-ல் தொடர் நின்றே போனது. கடிதம் வாங்கிக் கொடுத்தது ஒரே ஒரு சீசன்தான். ஆனால் அந்த ஒரு சீசனால் எண்ணிக்கை 79 எபிசோடு ஆனது, உள்ளூர் சேனல்கள் வாங்கித் தினமும் மறு ஒளிபரப்பு செய்யத் தோதான எண்ணிக்கை. மறு ஒளிபரப்பில்தான் அந்தத் தொடர் பெரிதானது. 1972 ஜனவரியில் நியூயார்க்கில் ரசிகர்களே ஒரு மாநாடு போட்டார்கள், சில நூறு பேரை எதிர்பார்த்த இடத்தில் மூவாயிரத்துக்கும் மேல் வந்து நின்றார்கள். 1976-ல் நாசாவின் முதல் விண்வெளி ஓடத்துக்கு, ரசிகர்களின் கடிதங்களால், 'என்டர்பிரைஸ்' என்று தொடரில் வரும் கப்பலின் பெயரையே வைத்தார்கள்.

அடுத்தது 2007, சி.பி.எஸ். சேனலின் 'ஜெரிக்கோ'. முதல் சீசனின் கடைசிக் காட்சியில் சரணடையச் சொல்கிறவனுக்கு நாயகன் 'நட்ஸ்' என்று ஒரே வார்த்தையில் பதில் சொல்வான், முடியாது போ என்ற அர்த்தத்தில்; கடலை, பருப்பு வகைகளுக்கும் அதே வார்த்தைதான். தொடரை நிறுத்தியதும் ரசிகர்கள் கடலை மூட்டைகளை ஆர்டர் பண்ணி சேனல் ஆபீசுக்கே அனுப்ப ஆரம்பித்தார்கள், இருபது டன் சேர்ந்தது. சேனல் ஏழு எபிசோடு கூடுதலாகத் தந்தது, அறிவிப்பின் அடியில் தயவுசெய்து கடலை அனுப்புவதை நிறுத்துங்கள் என்று பின்குறிப்பும் போட்டது. ஏழு எபிசோடு ஓடியது, ரேட்டிங் ஏறவில்லை, மறுபடி நிறுத்திவிட்டார்கள்.

2018-ல் 'தி எக்ஸ்பான்ஸ்' தொடரை சைஃபை சேனல் கைவிட்டபோது ரசிகர்கள் வேறு வழி யோசித்தார்கள். நிறுத்தினவர்களிடம் கெஞ்சாமல், வாங்கக்கூடியவர் யார் என்று பார்த்தார்கள். பணம் வசூலித்து ஒரு விமானத்தை வாடகைக்கு எடுத்து, தொடரைக் காப்பாற்றச் சொல்லும் பதாகையோடு அமேசான் ஸ்டூடியோ மேலேயே பறக்க விட்டார்கள். அதே மாதம் அமேசான் நிறுவனர் ஜெஃப் பெசோஸ் ஒரு விண்வெளி மாநாட்டு மேடையில், நடிகர்கள் முன்னாலேயே, தொடரை எடுத்துக்கொள்வதாக அறிவித்தார். இன்னும் மூன்று சீசன் வந்தது.

இதில் உங்களுக்கு வேண்டியது என்னவென்றால், சேனலுக்குத் தெரிய வேண்டியது நீங்கள் எத்தனை பேர், எந்த ஊர், எந்த வயது, எதில் பார்க்கிறீர்கள் என்பதுதான். அதை எழுதுங்கள். ஓடிடியில் வருகிறதென்றால் அங்கேயும் முழு எபிசோடையும் பாருங்கள், துண்டு வீடியோ பார்ப்பது அவர்கள் கணக்கில் ஏறாது. நடிகர்களை டேக் செய்து தொந்தரவு செய்யாதீர்கள், தொடரை நிறுத்துவதும் நடத்துவதும் அவர்கள் கையில் இல்லை.

முடிவு பிடிக்கலைன்னா 'மாத்து'ன்னு படைச்சவங்ககிட்ட கேட்கறது நியாயமா? ஆர்டருக்கு ஏத்த மாதிரி தோசை சுடற மாதிரி கதை சொல்ல முடியுமா?
*ஐ.டி. ஊழியர், சென்னை*

கேட்பது நியாயம். மாற்றித்தான் ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்துவதுதான் நியாயமில்லை. இரண்டுக்கும் நடுவில் ரசிகர்கள் எவ்வளவு அழகாக நடந்துகொள்ள முடியும் என்பதற்கு எனக்குத் தெரிந்து 'மாஸ் எஃபெக்ட் 3'-ஐ மிஞ்சிய உதாரணம் கிடையாது.

2007, 2010, 2012 என்று மூன்று கேம்கள், ஒன்றில் நீங்கள் எடுத்த முடிவு அடுத்ததற்குக் கூடவே வரும். யாரைக் காப்பாற்றினீர்கள், யாரைக் கைவிட்டீர்கள் என்பதெல்லாம் அஞ்சு வருஷம் சேர்ந்துகொண்டே வந்தது. கடைசியில் மூன்று வழி கொடுத்தார்கள். எதைத் தேர்ந்தெடுத்தாலும் ஏறக்குறைய ஒரே காட்சி, வெடிப்பின் நிறம் மட்டும் சிவப்பு, நீலம், பச்சை என்று மாறும். அத்தனை வருஷ முடிவுகளுக்கும் ஒரு மரியாதையும் இல்லை என்று கொதித்தார்கள். சிலர் அசிங்கமாகவும் பேசினார்கள், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் ஒரு கூட்டம் பணம் போட்டு, கேமைச் செய்த பயோவேர் கம்பெனியின் ஆபீசுக்கு, கனடாவின் எட்மன்டனுக்கு, நானூறு கப்கேக் அனுப்பியது. மேலே பூசிய கிரீம் சிவப்பு, நீலம், பச்சை என்று மூன்று நிறம். கடித்துப் பார்த்தால் எல்லாமே ஒரே வெனிலா. ஒரு கெட்ட வார்த்தை இல்லாமல் விமர்சனம் முழுசாக அந்தப் பெட்டிக்குள் இருந்தது. பயோவேர்காரர்கள் அதை உள்ளூர் இளைஞர் காப்பகத்துக்குக் கொடுத்தார்கள். இன்னொரு கூட்டம் நோயாளிக் குழந்தைகளுக்கு விளையாட்டுச் சாமான் வாங்கித் தரும் 'சைல்ட்ஸ் ப்ளே' அமைப்புக்கு 80,000 டாலருக்கு மேல் திரட்டியது. ஒரு கட்டத்தில் பணம் கொடுத்தால் முடிவை மாற்றுவார்கள் என்று சிலர் தப்பாகப் புரிந்துகொண்டதால் அந்த வசூலை நிறுத்த வேண்டியதாயிற்று.

கம்பெனி என்ன செய்தது? 2012 ஜூன் மாசம் இலவசமாக ஒரு நீட்டித்த முடிவைக் கொடுத்தது. மூன்று வழியும் அப்படியே இருந்தன. ஒவ்வொன்றுக்கும் அப்புறம் யாருக்கு என்ன ஆனது என்று விரிவாகக் காட்டினார்கள், கூடவே நாலாவதாக ஒரு வழி: மூன்றையும் மறுத்துவிடலாம், மறுத்தால் எல்லோரும் அழிவார்கள். தங்கள் முடிவை விட்டுக்கொடுக்காமல், கேட்டவர்களையும் மதித்த பதில் அது.

ஒன்று கவனிக்க வேண்டும், மாற்றம் என்றால் யாரோ ராத்திரி கண்முழித்து வேலை பார்க்கிறார்கள். 2019 ஏப்ரல் கடைசியில் 'சோனிக்' படத்தின் டிரெய்லர் வந்து, அந்த முள்ளெலிக்கு மனிதப் பல் வைத்திருந்ததைப் பார்த்து உலகமே அலறியது, உருவத்தையே மாற்றி, நவம்பரில் வர வேண்டிய படம் 2020 பிப்ரவரிக்குப் போனது. படம் நன்றாக ஓடியது. அதன் கிராபிக்ஸ் வேலை பார்த்த எம்.பி.சி. நிறுவனத்தின் வான்கூவர் கிளை 2019 டிசம்பரில் மூடப்பட்டது. சந்தை நிலவரத்தைக் காரணமாகச் சொன்னது நிறுவனம், ஆனாலும் அந்தப் புதுச் சோனிக்கைச் செதுக்கியவர்களில் பலர் படம் வந்தபோது அந்த ஆபீசில் இல்லை என்பது எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது.

சென்னை காமிக் கானுக்கு வேஷம் போட்டுப் போகணும்னு ஆசை. அப்பா 'இதென்ன கூத்து, வயசுப் பொண்ணு வேஷம் கட்டிக்கிட்டு'ங்கறார். கையில காசும் கம்மி. என்ன பண்ணலாம் அக்கா?
*பி.காம். மாணவி, காஞ்சிபுரம்*

முதலில் அப்பா. அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள் என்பதுதான் என் யோசனை. சென்னையில் முதல் காமிக் கான் 2024 பிப்ரவரியில் நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில் நடந்தது. அங்கே குடும்பம் குடும்பமாக வருகிறார்கள், குழந்தைக்கு ஸ்பைடர்மேன் சட்டை மாட்டிவிட்ட அப்பாக்கள் நிறைய. இது நேற்று முளைத்த கூத்தும் இல்லை என்று சொல்லுங்கள். 1939-ல் நியூயார்க்கில் நடந்த முதல் உலக அறிவியல் புனைவு மாநாட்டுக்கு மர்ட்டில் டக்ளஸ் என்ற பெண், தானே தைத்த எதிர்கால உடையைப் போட்டுக்கொண்டு போனார், கூட வந்த நண்பர் ஃபாரஸ்ட் அக்கர்மனுக்கும் அவரே தைத்துக் கொடுத்தார். அந்த இரண்டு பேரைத் தவிர வேறு யாரும் வேஷத்தில் வரவில்லை. அடுத்த வருஷ மாநாட்டிலேயே நிறைய பேர் வேஷத்தோடு வந்துவிட்டார்கள்.

காசு விஷயம். கவசம் மாதிரி ஏதாவது செய்வதாக இருந்தால் ஈ.வி.ஏ. ஃபோம் போதும், குழந்தைகள் விளையாடத் தரையில் கோத்துப் போடுகிறோமே அந்த மேட் பெரும்பாலும் இதே சரக்குதான். பழைய டி-ஷர்ட் போட்டு, அதன் மேல் பாலிதீன் தாளைச் சுற்றி, மாஸ்கிங் டேப்பால் இறுக்கி ஒட்டி, மார்க்கரால் கோடு போட்டு வெட்டி எடுத்தால் உங்கள் உடம்பு அளவுக்கே மாதிரி கிடைத்துவிடும். அதை ஃபோமில் வைத்து வரைந்து புது பிளேடால் ஒரே இழுப்பில் வெட்டுங்கள், மழுங்கின பிளேடு ஃபோமைப் பிய்த்துவிடும். ஹீட் கன் காட்டினால் மேல்தோல் லேசாக மினுங்கும், அந்த நொடியில் எடுத்து எவர்சில்வர் குடத்தின் மேல் வைத்து அழுத்திப் பிடித்தால் ஆறியதும் தோள் கவசம் வளைந்து அப்படியே நிற்கும். ஒட்டுவதற்கு செருப்புக் கடைக்காரர்கள் வைத்திருக்கும் மஞ்சள் பசை, இரண்டு பக்கமும் தடவி, தொட்டால் விரலில் ஒட்டாத அளவு காய்ந்த பிறகு சேர்க்க வேண்டும், ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு. கடைசியில் ஃபெவிக்காலில் கொஞ்சம் தண்ணீர் கலந்து மூன்று நான்கு தடவை பூசிக் காயவிட்டால் ஃபோமின் துளைகள் அடைபடும், அதற்கு மேல் அக்ரிலிக் பெயின்ட். நிஜக் கத்தி, இரும்புக் கம்பி எதையும் வாசலிலேயே விடமாட்டார்கள், ஃபோமிலேயே செய்யுங்கள். உள்ளே பருத்திச் சட்டை. நம் ஊர் வெயிலில் கவசத்தோடு ரயில் ஏற வேண்டாம், பையில் கொண்டுபோய் அங்கே மாட்டிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, அப்பாவின் பயத்தில் நியாயமான பாதி. யாராவது கேட்காமல் படம் எடுத்தாலோ, தோளில் கை போட்டாலோ சிரித்துச் சமாளிக்க வேண்டாம், வேண்டாம் என்று சத்தமாகவே சொல்லுங்கள், பாதுகாவலர்களைக் கூப்பிடுங்கள். நியூயார்க் காமிக் கானில் 2014-லிருந்தே, வேஷம் போட்டிருப்பது சம்மதம் ஆகாது என்று பெரிய பெரிய பலகை வைத்திருக்கிறார்கள். அந்தப் பலகை ஒவ்வொரு ஊரிலும் வேண்டும்.

'ஜி.டி.ஏ. 6' தள்ளிப் போய்க்கிட்டே இருக்கு. எங்களை முட்டாள்னு நினைக்கறாங்களா?
*பிளஸ் டூ மாணவர், திருச்சி*

இல்லை தம்பி. முதலில் 2025 என்றார்கள், அப்புறம் 2026 மே 26, அப்புறம் 2026 நவம்பர் 19 என்று அறிவித்தார்கள். ஏமாற்றமாக இருக்கும், புரிகிறது. ஆனால் 'சைபர்பங்க் 2077' கதையைப் பாருங்கள். 2020 அக்டோபரில் இன்னொரு தடவை தள்ளிப் போட்டதும் வேலை செய்தவர்களுக்குக் கொலை மிரட்டல் அனுப்பினார்கள். டிசம்பரில் வெளியானபோது பழைய கன்சோல்களில் ஆடவே முடியாத நிலை, ஒரு வாரத்தில் சோனி தன் கடையிலிருந்தே எடுத்துவிட்டுப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. இன்னும் சில மாதம் பொறுத்திருந்தால் அவ்வளவு அவமானம் வந்திருக்காது. 2019-ல் அறிவித்த 'சில்க்சாங்'கை ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் ஒரு சின்னக் குழு ஆற அமர உட்கார்ந்து செய்தது, 2025 செப்டம்பர் 4-ல் வெளியானபோது வாங்க வந்த கூட்டத்தில் ஆன்லைன் கடைகள் ஸ்தம்பித்துப் போயின. நீங்கள் பரீட்சையை முடித்துவிட்டு வாருங்கள், கேம் எங்கேயும் போகாது.

ஒரு சீரியல்ல வில்லியா வர்ற நடிகையோட பக்கத்துல கோபத்துல ரொம்ப மோசமா, சாகச் சொல்லி கமெண்ட் போட்டுட்டேன். போன மாசம் அவங்க ஒரு பேட்டியில அழுததைப் பார்த்ததுல இருந்து மனசு சரியில்லை. என்ன செய்யணும்?
*வாசகி, சேலம்*

கமெண்டை இன்றே அழித்துவிடுங்கள். ஒரு முறை, இரண்டு வரியில் மன்னிப்புக் கேட்டு எழுதுங்கள். உங்கள் வீட்டுக் கஷ்டம், அன்றைய மனநிலை எதையும் விளக்க வேண்டாம், பதிலும் எதிர்பார்க்க வேண்டாம். அவர் மன்னித்தாரா என்று தெரியாமலேயே இருக்க வேண்டி வரலாம்.

எழுதினது சின்ன விஷயம் இல்லை என்று உங்களுக்கே தெரிந்திருப்பதால் இதைச் சொல்கிறேன். 1999-ல் 'ஸ்டார் வார்ஸ்' படத்தில் ஜார் ஜார் பிங்க்ஸ் என்ற கோமாளிப் பாத்திரத்தில் நடித்த அகமது பெஸ்ட், அப்போது இருபதுகளில் இருந்த இளைஞர். அந்தப் பாத்திரத்தை உலகமே கரித்துக் கொட்டியது. தாங்க முடியாமல் உயிரை விட நினைத்ததை 2018-ல்தான் வெளியே சொன்னார். அதே 2018-ல், அதே தொடர்ப் படங்களில் ரோஸ் டிகோவாக நடித்த கெல்லி மேரி ட்ரான் வசவு தாங்காமல் இன்ஸ்டாகிராமை விட்டுப் போனார், அந்த ஜூலையில் சான் டியேகோ காமிக் கானில் ரசிகர்கள் ரோஸ் மாதிரியே உடை போட்டுக் கூட்டமாக நின்று அவருக்கு ஆதரவு காட்டினார்கள். 2019 ஏப்ரலில் சிகாகோவில் நடந்த ஸ்டார் வார்ஸ் ரசிகர் விழாவில் அகமது பெஸ்ட் மேடைக்கு வந்ததும் அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. இருபது வருஷம் தாமதம். 2023-ல் 'தி மாண்டலோரியன்' தொடரில் குழந்தை க்ரோகுவைக் காப்பாற்றும் ஜெடை வீரராக வந்தார், அன்று ரசிகர்கள் கொண்டாடியதைப் பார்த்து எனக்குக் கண் கலங்கியது.

உங்களுக்கு அத்தனை வருஷம் வேண்டாம். அந்த நடிகை நன்றாகச் செய்த ஒரு காட்சியை நினைவிருந்தால், மன்னிப்பு எழுதிய இடத்தில் இல்லாமல், தனியாக இன்னொரு நாள், அதைப் பற்றி இரண்டு நல்ல வார்த்தை எழுதுங்கள். உங்களைப் போல் சாகச் சொல்லி எழுதியவர்கள் அவர் பக்கத்தில் இன்னும் இருப்பார்கள், கண்ணில் பட்டால் ரிப்போர்ட் செய்யுங்கள்.

ஸ்பாய்லர் (பார்க்காதவர்களிடம் கதையை உடைப்பது) எத்தனை நாள் வரை சொல்லக் கூடாது?
*வாசகர், புதுச்சேரி*

வாரா வாரம் வருகிற தொடர் என்றால் அடுத்த எபிசோடு வரும் வரை. மொத்த சீசனும் ஒரே நாளில் வந்தால் குறைந்தது இரண்டு வாரம். கேமுக்கு இரண்டு மாதமாவது கொடுங்கள், வேலைக்குப் போய்விட்டு ராத்திரி ஒரு மணி நேரம் ஆடுகிறவர்களுக்கு அவ்வளவு ஆகும். தலைப்பிலும் முகப்புப் படத்திலும் மட்டும் எத்தனை வருஷம் ஆனாலும் போடாதீர்கள்.